வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தவர்

எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் நாங்கள் திறப்பதில்லை. வந்தவரை வாசலில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிடும் சனம் என்று பெயரெடுத்த ஊரிலிருந்து வந்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட வெட்கப்பட வேண்டியது பின்னால் வரப்போகிறது. ஆகவே இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாரிசில், லாச்சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காயிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். ஒரு அறை, அதை ஒட்டி அரை அறை, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய சமையலறை. கதவு தட்டப்பட்டால் என்ன செய்வதென்று அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. அம்மா தண்ணீர்க் குழாயை மூடுவார். நான் தொலைக்காட்சியை நிறுத்துவேன். சித்தப்பா தன் சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவார். தெரிந்தவர்கள் என்றால் இரண்டு முறை தட்டி, கொஞ்சம் பொறுத்து, மூன்றாவது முறை தட்டுவார்கள். அந்த மூன்றாவது தட்டு வரும்வரை யாரும் மூச்சு விடுவதில்லை.

இவ்வளவுக்கும் காரணம் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய அகதிக் கேஸை இரண்டு தரமும் நிராகரித்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. அந்த வருடங்களில் மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்று கறுத்த ஆட்களாகப் பார்த்து மறித்துக் கொண்டிருந்தது. சித்தப்பா மாலையில் ஒரு உணவகத்தின் பின்கதவால் நுழைந்து கோப்பை கழுவுவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில், என்னுடைய சோஃபாவில்.

என்னுடைய சோஃபா என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மடித்தால் இருக்கை, விரித்தால் கட்டில். அதில்தான் ஆறு வயதிலிருந்து நான் படுத்தேன். சித்தப்பா வந்த அன்று அது அவருக்குப் போனது. எனக்கு மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மெத்தை. இரவு முழுக்க அந்தப் பெட்டி என் காதில் உறுமும். சித்தப்பா நல்லவர்தான். ஆனால் நான் வாங்கி வைத்த யோகர்ட்டைச் சாப்பிடுவார், என் கார்ட்டூன் நேரத்தில் ஊர்ச் செய்தி பார்ப்பார், என்னைப் பெரிய வெள்ளைக்காரி மாதிரி 'மடம்' என்று கூப்பிடுவார். பத்து வயதில் ஒருவரை வெறுக்க இதற்கு மேல் காரணம் தேவைப்படுவதில்லை.

'மடம்' என்று கூப்பிட்டதற்கும் காரணம் உண்டு. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான். முன்பெல்லாம் கடிதம் வந்தால் ரூ காயில் ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பிப்பார்கள். அவர் நன்றாக வாசிப்பார், நன்றாக ஊருக்கும் சொல்வார். காலையில் அவருக்குத் தெரிந்தது மத்தியானம் மரக்கறிக் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் அப்பா அவரிடம் போவதை நிறுத்திவிட்டார். மின்சாரக் கடிதம், பள்ளிக் கடிதம், விசா கொடுக்கும் பிரிபெக்சரின் கடிதம் எல்லாம் ஏழு வயதிலிருந்து என் வாயால்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. நான் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பதவியின் ருசி எனக்கு நன்றாகப் பிடித்துப் போயிருந்தது.

ஜூலை மாதம், பள்ளி விடுமுறை. ஒரு திங்கட்கிழமை முற்பகல் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. மூன்றாவது வரவில்லை. குழாய் மூடியது, தொலைக்காட்சி நின்றது, சித்தப்பா மறைந்தார். அம்மா ஒன்பது மாதத் தம்பியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கதவைத் திறக்காமல் பதில் சொல்வது என் வேலை. ஒரு கதிரையில் ஏறிக் கதவுத் துவாரத்தால் பார்த்தேன். எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். அந்த வெக்கையிலும் கோட் போட்டிருந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். படி ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா அம்மா வீட்டில் இல்லை மெஸ்யூ, என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். உன்னளவில் இருந்தபோது நான் இந்த வீட்டில்தான் இருந்தேன், என்றார். பிறகு ஒரு கடித உறையைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு மெதுவாக இறங்கிப் போனார். அவர் காலடி எனக்குக் கேட்கவே இல்லை. துவாரத்தில் ஆளைக் காணாததால்தான் போய்விட்டார் என்று தெரிந்தது.

உறையை எடுத்துக்கொண்டு மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். கடிதம் எனக்கு முதலில் தெரியவேண்டும் என்பது என் கொள்கை.

ஒன்றரைப் பக்கம், கையெழுத்து. தன் தாய் தகப்பன் போலந்திலிருந்து ஓடி வந்த யூதர்கள் என்று எழுதியிருந்தார். தகப்பன் தையற்காரர், ஜன்னலோரம் மிஷின் வைத்து வேலை செய்தாராம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஒரு ஜூலை விடியற்காலையில், பொலிஸ் இந்த வீட்டுக்கு வந்தது. தங்கைக்கு அம்மை போட்டிருந்ததால் எட்டு வயதான இவரை எதிர்வீட்டுப் பெண் தன்னோடு படுக்க வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாராம். தாய் தங்கையைக் கோட் போடச் சொன்னது கேட்டது. பிறகு எதிர்வீட்டுப் பெண் இவரை உள்ளே இழுத்துப்போய் இவருடைய இரண்டு காதையும் பொத்தினார். பொலிஸ் போய்விட்டதா, படியில் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று தெரியாமல் இரண்டு நாள் அவர்கள் அசையவில்லை, குழாயைக்கூடத் திறக்கவில்லை. தாய், தகப்பன், தங்கை மூவரும் திரும்பி வரவில்லை. வீட்டை முத்திரையிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் இதற்குள் கால் வைத்ததே இல்லை. மாத முடிவில் மகளோடு தெற்கே போகிறார், இனிப் பாரிசுக்கு வர உடம்பு இடம்தராது. ஐந்து நிமிடம் அந்த ஜன்னலருகே நிற்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடியும் வருவேன். விருப்பமில்லாவிட்டால் கதவைத் திறக்கவேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

எனக்கு இது விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. யூதர் என்றால் எங்கள் வகுப்பில் சனிக்கிழமை பள்ளிக்கு வராத பிள்ளை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குழாய் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். அவர்களும் மூடியிருக்கிறார்களே என்று தோன்றியது. திரும்பி வரவில்லை என்றால் வேறெங்கோ குடியேறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சனமெல்லாம் அப்படித்தானே, ஒரு வீடு போனால் இன்னொரு வீடு.

அப்படி நினைக்கவும் எனக்கு உரிமை இருக்கவில்லை. அம்மாவின் அண்ணனை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. அவரும் திரும்பி வரவில்லை. சுவரில் இருந்த அவர் படத்துக்கு மாலை போட அம்மா ஒருபோதும் விட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மூளை எனக்கு இருந்தது. ஆனால் அன்று அது வேறு கணக்குப் போட்டது.

போன கிழமைதான் அப்பா சாப்பாட்டு மேசையில் சித்தப்பாவைக் காட்டிச் சொன்னார்: "ஏதும் பிரச்சினை எண்டால் இவனைப் பாரிசுக்கு வெளியாலை, ஸ்தேனுக்கு அனுப்பிப்போடுவம். அங்கை எங்கடை சொந்தக்காரர் இருக்கினம்." ஏதும் பிரச்சினை. கையில் இருந்த கடிதத்தில் பொலிஸ் என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

மாலை அப்பா வந்ததும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினேன். "பொலிஸ் வரப்போகுதாம் அப்பா. வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு."

அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டார். சித்தப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சில் வாசிக்கத் தெரிந்த பத்துச் சொற்களில் பொலிசும் ஒன்று. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கிழமையையும் நேரத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"பிடிக்க வாறவங்கள் சொல்லிப்போட்டே வருவாங்கள்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

அப்பாவே எனக்காகப் பதில் சொன்னார். "இது கொழும்பே? இஞ்சை பல்லுப் பிடுங்கவும் ரந்தெவூ, விசாவுக்கும் ரந்தெவூ. எல்லாத்துக்கும் நாள் நேரம் குறிச்சுக் கடிதம்தான்."

"முத்திரை ஒண்டும் இல்லையே, கையாலையெல்லோ எழுதிக் கிடக்கு," என்றார் அம்மா.

"சி.ஐ.டி. எண்டால் அப்பிடித்தான் அண்ணி," என்றார் சித்தப்பா, கொழும்பு அனுபவத்தில். நான் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. பயந்த மனிதர்களிடம் பொய் சொல்வது மிகச் சுலபம், மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ரூ காய் மனிதரிடம் காட்டலாமா என்ற பேச்சே எழவில்லை. காட்டினால் சித்தப்பாவின் கதை மரக்கறிக் கடைக்குப் போய்விடும்.

அடுத்த நாளே சித்தப்பா ஒரு தோள்பையோடு ஸ்தேனுக்குப் போனார். போகும்போது என் தலையைத் தடவி, "மடம், நீ இல்லாட்டில் என்ரை கதை முடிஞ்சிருக்கும்," என்றார். அன்று நான் சோஃபாவை விரித்துக் குறுக்கும் நெடுக்குமாக உருண்டு படுத்தேன். நித்திரை வரவில்லை என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் வரும். ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை அப்பா ஒரு புது யோசனையோடு வந்தார். "அவன்தான் இல்லையே. எங்களுக்கு விசா கார்ட் இருக்கு. என்னத்துக்குப் பயப்பிடுவான்? கதவைத் திறந்து, வந்து பாருங்கோ எண்டு காட்டுவம்."

கதவைத் திறந்தால் அந்த மனிதர் ஜன்னலோரம் போய் நிற்பார், அழுவார், என் பொய் நடு வீட்டில் கிடக்கும். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இரண்டாவதை அவிழ்த்துவிட்டேன். திறந்தால் சித்தப்பா எங்கே என்று கேட்டு எழுதுவார்கள், அப்பா கையெழுத்து வைக்கவேண்டும், பொய்யென்றால் எங்கள் கார்டையும் பறிப்பார்கள் என்று கடிதத்தில் இருப்பதாகச் சொன்னேன். அப்பா நெடுநேரம் யோசித்தார். "அப்ப ஒருத்தரும் இல்லாத மாதிரி இருப்பம்," என்றார்.

வியாழக்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மா காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை, வாசம் வெளியே போகும் என்று. ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். அந்த வெக்கையில் நாலு பேரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். குழாய் எப்போதும் சொட்டும், அதன் வாயில் அம்மா ஒரு துணியைச் சுற்றியிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் நெற்றியில் வியர்வை ஓடியது, அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. என் அப்பாவை அப்படி உட்கார வைத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கேட்டது. சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு முறை.

வணக்கம், நான்தான், என்று அவர் சொன்னார். கொஞ்சம் பொறுத்தார். மறுபடி தட்டவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி சிணுங்கினான். அம்மாவின் உள்ளங்கை அவன் வாயைப் பொத்தியது. ஊரில் பங்கருக்குள் பழகிய கை, அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

வெளியே இருந்தவருக்கு அது கேட்டிருக்கிறது. பிள்ளையின் சத்தமும், அது பாதியில் நின்றதும். கதவின் மறுபக்கத்தில் அவரும் அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் குரல் கதவுக்கு மிக அருகில், தாழ்வாக வந்தது. பயப்படாதீர்கள். நான் தனியாகத்தான் வந்தேன். இனி வரமாட்டேன். இதோ, போகிறேன்.

அப்பா கண்ணால் என்னைக் கேட்டார். நான் அவர் காதில் சொன்னேன்: "திரும்பி வருவானாம்." வேறு என்ன சொன்னாலும் சித்தப்பா மறுநாளே சோஃபாவுக்கு வந்துவிடுவார் என்ற பயம்.

அதற்குப் பிறகு படியில் சத்தம் தொடங்கியது. தொம், தொம் என்று ஒவ்வொரு படியாக அடித்து இறங்கினார். திங்கட்கிழமை பூனை மாதிரிப் போன மனிதர் இன்று குதிரை மாதிரிப் போகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இருமிவிட்டு மறுபடி அடித்தார். கடைசியில் தெருக் கதவைக் கட்டடமே அதிர அறைந்து மூடினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா எழுந்துபோய்த் துணியை அவிழ்த்துக் குழாயைத் திறந்து தம்பியின் முகத்தைக் கழுவினார்.

சித்தப்பா ஸ்தேனிலேயே மூன்று வருடம், ஒரு நிலவறையில் ஐந்து பேரோடு படுத்தார். பிறகு விசா கிடைத்தது. இன்றும் என்னைத் தன் உயிரைக் காத்தவள் என்று கொண்டாட்டங்களில் அறிமுகப்படுத்துகிறார். நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கடிதத்தை அன்றைக்கே கிழித்து மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பதினாலு வயதில் வரலாற்றுப் பாடத்தில் அந்த ஜூலை மாதம் வந்தது, ஜெர்மன்காரருக்காகப் பாரிஸ் பொலிஸ் யூதர்களை வீடு வீடாகப் பிடித்த மாதம். ஆசிரியை எங்களைப் பள்ளி வாசலுக்கு அழைத்துப்போய்ச் சுவரில் இருந்த கறுப்புக் கல்லைக் காட்டினார். இந்தப் பகுதிப் பள்ளிகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதப் பிள்ளைகளுக்காக வைத்த கல். ஒவ்வொரு நாளும் நாங்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்ற கல். கொண்டுபோனவர்களை எங்கே கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அம்மா சாப்பாடு சரியில்லை என்று நினைத்தார்.

அவருடைய பெயர் எனக்கு நினைவில்லை. ஆனால் அப்படிக் கொண்டுபோகப்பட்டு இறந்தவர்களின் பட்டியலில் முகவரியை வைத்தும் தேடலாம். எங்கள் தெரு, எங்கள் இலக்கம். மூன்று பெயர்கள் வந்தன. ஒரு தையற்காரர், ஒரு பெண், நாலு வயதுப் பிள்ளை. மூவரும் ஒரே குடும்பப் பெயர். அந்தப் பெயரோடு பிரான்சில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவரை நான் தேடினேன் என்று சொல்லலாம். ஆனால் கண்டுபிடித்துவிடுவேனோ என்ற பயத்தோடுதான் தேடினேன்.

போன குளிர்காலத்தில்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அப்பாவும் இப்போது ஸ்தேனில் இருக்கிறார்கள். அன்று வாய் பொத்தப்பட்ட தம்பி சென் தெனியில் பல்கலைக்கழகம் போகிறான், அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தில் இருந்ததை, இம்முறை ஒரு சொல்லும் மாற்றாமல், ஞாபகத்திலிருந்து சொன்னேன். கதவுக்கு வெளியே அவர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசல் வரைக்கும் வந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லையே பிள்ளை," என்றார். என் மாமாவின் படம் எதிரே சுவரில் இருந்தது, இன்னமும் மாலையில்லாமல். அம்மா அதைப் பார்க்கவில்லை.

கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவரே கேட்டார். "அவர் என்னத்துக்கு அப்பிடி அடிச்சு அடிச்சு இறங்கினவர் எண்டு உனக்கு விளங்கினதே?"

கோபமாக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அப்படித்தான் சொன்னேன்.

"கோபமோ? விசரி," என்றார் அம்மா. "தான் போயிட்டார் எண்டு உள்ளுக்கை இருக்கிற எங்களுக்குத் தெரியவேணுமெல்லே."

அவர் போன அடுத்த நிமிடமே நாங்கள் குழாயைத் திறந்துவிட்டோம். எட்டு வயதில், எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால், அதற்கு அவர் இரண்டு நாள் காத்திருந்தார்.